தெப்பக்குளம் என்ற பெயரில் ஆடியவர்

17 ஜூன் 2002, திங்கள்

ஸ்கேன் சென்டரில் கடைசி ரிப்போர்ட்டை அடித்துக் கொடுத்துவிட்டு, கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்தெருவில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரை எனக்காகக் காலியாக வைத்திருந்தார் கடைக்கார உக்கிரபாண்டி அண்ணன். "வீட்டுக்காரரு வந்துருப்பாரு, போங்க தங்கச்சி" என்றார். அந்தக் கடையில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். மஸ்கட்டில் இருக்கிற புருஷனோடு செஸ் ஆட வருகிற பொம்பளை.

பாபு வந்திருந்தார். அந்த செஸ் சைட்டில் அவர் பெயர் தெப்பக்குளம். நான் வைகை. கல்யாணமாகி நாலு வருஷம். ஒரே வீட்டில் இருந்தது அவருடைய லீவு நாட்களில் மட்டும்தான். ஆபீசில் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, பகலெல்லாம் கட்டட டிராயிங் போடுகிற அதே கம்ப்யூட்டரில் எனக்காக ஒரு மணி நேரம் உட்காருகிறார். பலகைக்குக் கீழே பேசிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. எங்கள் குடும்பம் நடப்பது அந்தப் பெட்டிக்குள்தான்.

இன்றைக்கும் ராணியைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டுத் தோற்றார். எனக்கு என்னவோ எரிச்சல் வந்துவிட்டது. காலேஜ் நாட்களில் ஸ்ரீலட்சுமியோடு ஆடும்போது உள்ளங்கை வேர்க்கும். மாவட்ட டீமில் நானும் அவளும்தான் முதல் ரெண்டு போர்டு. அதையெல்லாம் நினைத்துக்கொண்டு பெட்டியில் அடித்தேன்: "மனசை இங்கே வச்சு ஆடுங்களேன். உங்ககூட ஆடுறது பல்லாங்குழி ஆடுற மாதிரி இருக்கு."

"சரி" என்று மட்டும் வந்தது.

அப்படி அடித்திருக்க வேண்டாம். எனக்காகக் கற்றுக்கொண்ட ஆட்டம் அது. கல்யாணத்துக்கு முன்னால் யானை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாத மனுஷன்.

21 ஜூன், வெள்ளி

போன் வந்தது. அத்தை பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். மகனிடம் பேச அவளுக்கும் வெள்ளிக்கிழமை ஒன்றுதானே. என் கைக்கு வரும்போது, அங்கே போன் பூத்தில் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பது கேட்டது. "வேற என்ன" என்றார். "வேற ஒண்ணுமில்லை" என்றேன். கட்டாகிவிட்டது.

8 ஜூலை, திங்கள்

ரெண்டு வாரமாக அவரைக் காணோம். வேலை அதிகம் என்று மெயில் போட்டிருக்கிறார். நான் வெறுமனே போய் உட்கார்ந்து, முகம் தெரியாத யார் யாரோடோ ஆடிவிட்டு வருகிறேன். ஜெயித்தாலும் ஒன்றுமில்லை. சொல்வதற்கு ஆள் இல்லை.

15 ஜூலை, திங்கள்

பாபு என்னை ஜெயித்துவிட்டார்.

எழுதும்போதே சிரிப்பு வருகிறது. முதலில் ஏதோ தவறுதலாக நல்ல இடத்தில் காயை வைக்கிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் என் ராஜாவைச் சுற்றி ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறார். நான் தப்பிக்கப் போகும் இடம் எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தோற்று முடித்து நாற்காலியில் சாய்ந்தபோது எனக்கு வேர்த்திருந்தது.

"எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று அடித்தேன்.

"புக்கு வாங்கினேன். சந்தோஷமா?"

"எம்புட்டுன்னு சொல்லத் தெரியலை" என்று அடித்தேன். "நீங்க எனக்குப் பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்கு."

பஸ்ஸுக்கு நிற்காமல் பாலத்தில் நடந்தே முனிச்சாலைக்கு வந்தேன். வைகையில் தண்ணீர் இல்லை. மாடுகள் படுத்திருந்தன. அதுவும் அழகாகத்தான் இருந்தது. "என்ன இன்னிக்கு முகத்துல வெளிச்சம்?" என்று அத்தை கேட்டாள். உங்க மகன் என்னைத் தோற்கடித்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது.

30 ஜூலை, செவ்வாய்

ரெண்டு வாரமாகத் தினமும் தோற்கிறேன். ஒரு தடவை மட்டும் டிரா.

நேற்று ஒரு நகர்த்தல். நன்றாக நின்ற குதிரையை, அது புறப்பட்ட இடத்துக்கே திருப்பி வைத்தார். ஏன் என்று அப்போது புரியவில்லை. வேலை பார்க்கும்போதெல்லாம் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. இடது கிட்னி என்று சொன்னதை வலது என்று அடித்துவிட்டேன். கையெழுத்துப் போடும் முன் டாக்டர் பார்த்ததால் பிழைத்தேன். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தபோது பளிச்சென்று புரிந்தது. அந்தக் குதிரை அங்கே போய் உட்கார்ந்ததால் பத்து நகர்த்தல் கழித்து என் பிஷப்புக்கு மூச்சுவிட இடமில்லை. இவ்வளவு பொறுமையா இவருக்கு? ஒரு சட்டைக்குப் பட்டன் தைக்கிற வரைக்கும் பொறுக்காத மனுஷன்.

நான் கல்யாணம் செய்துகொண்ட ஆளுக்குள் இப்படி ஒருத்தர் இருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தேன். என்னைப் பார்க்கிறார். நான் எதை மறைக்கிறேன், எதற்குப் பயப்படுகிறேன் என்று எல்லாம் பார்க்கிறார். பக்கத்தில் இருந்த நாட்களில்கூட இப்படிப் பார்த்ததில்லை.

மறுபடியும் காதலிக்க ஆரம்பித்துவிட்டேன் போலிருக்கிறது. முப்பத்திமூணு வயதில், சொந்தப் புருஷனை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

சென்டர் லீவு. அவருக்கு அங்கே வேலை நாள். நான் இங்கே துணி துவைத்தேன்.

27 ஆகஸ்ட், செவ்வாய்

எங்கேயிருந்து எழுதுவது.

சைட்டுக்குள் போக விடவில்லை. பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துவிட்டேன் என்று மறுபடி மறுபடி அடித்தேன். உக்கிரபாண்டி அண்ணன் வந்து, "மெயிலைப் பாருங்க தங்கச்சி, எதுவும் போட்டிருப்பாய்ங்க" என்றார். போட்டிருந்தார்கள். வைகை, தெப்பக்குளம் ரெண்டு கணக்குகளும் முடக்கப்பட்டிருக்கின்றன. கம்ப்யூட்டர் புரோகிராமின் உதவியோடு ஆடியதாகச் சந்தேகம். ரெண்டு பேரும் பெரும்பாலும் ஒருவரோடு ஒருவர் மட்டுமே ஆடி, ஒருவருடைய மதிப்பெண் திடீரென்று ஏறியிருக்கிறது. விளக்கம் இருந்தால் எழுதலாம்.

ஏமாற்றுக்காரி. அதுதான் அர்த்தம். இங்கிலீஷில் மரியாதையாக எழுதியிருக்கிறான், அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பிலிருந்து ஆடுகிறேன். எதிராளி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால்கூடப் பலகையைத் தொடமாட்டேன். என்னையா? அவரையா? ஆபீஸ் பென்சிலை வீட்டுக்குக் கொண்டுவந்தால் திருப்பிக் கொண்டுபோய் வைக்கிற ஆள். அங்கேயே உட்கார்ந்து பதில் அடித்தேன். என் கணவருக்குப் பொய் சொல்லத் தெரியாது, அவர் புத்தகம் படித்து முன்னேறியவர், நாங்கள் தூரத்தில் பிரிந்து வாழ்கிறோம், எங்களுக்கு இது விளையாட்டு மட்டும் இல்லை — என்றெல்லாம் எழுதினேன். அனுப்பிய பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

30 ஆகஸ்ட், வெள்ளி

போனில் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவருக்கும் மெயில் வந்திருக்குமே.

"விடு வசு. வேற பேர்ல ஆரம்பிச்சுக்கலாம்."

"நாம என்ன திருடங்களா, பேரை மாத்திக்கிட்டு ஓட?"

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது. மூச்சு கேட்டது.

"அவங்க பெரிய சைட்டு. நம்ம பேச்சைக் கேப்பாங்களா" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

10 செப்டம்பர், செவ்வாய்

சாயங்காலமானால் கால் தானாகப் பின்தெருவுக்குத் திரும்புகிறது. போய் என்ன செய்ய? மெயில் பார்ப்பேன். "சாப்பிட்டாயா, அம்மா எப்படி இருக்கிறாள்" என்று நாலு வரி எழுதியிருப்பார். அதே ஆள்தான். ஆனால் மெயிலில் அவர் இல்லை. பலகை இல்லாமல் எங்களுக்குப் பேசத் தெரியவில்லையோ?

அவருடைய அடுத்த நகர்த்தலுக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகள் — அதற்காக ஏங்கிப்போய் இருக்கிறேன். எதிர்ப்பக்கத்தில் ஒருத்தர் என்னைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்கிற நிச்சயம். வேறு யாரிடம் கிடைக்கும் அது?

சைட்டிலிருந்து பதில் வந்திருக்கிறது. அனுபவமுள்ள ஆட்டக்காரர் யாராவது எங்கள் ஆட்டங்களைப் பார்த்து எழுதிக்கொடுத்தால் பரிசீலிப்பார்களாம். ஸ்ரீலட்சுமி ஞாபகம் வந்தது. பசுமலையில் ஒரு காலேஜில் கணக்கு லெக்சரராக இருக்கிறாள். இன்னும் டோர்னமென்ட் ஆடுகிறாள், நடுவராகவும் போகிறாள். அவள் சொன்னால் எடுபடும்.

15 செப்டம்பர், ஞாயிறு

சைட்டுக்காரர்கள் மெயிலில் அனுப்பியிருந்த எங்கள் ஆட்டங்களைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிப் பசுமலை போனேன். ஸ்ரீலட்சுமி என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். காலேஜ் நாட்களில் நாங்கள் பேசிக்கொள்ளும் பாஷையில் பேச ஆரம்பித்து, பழைய கோச்சைக் கிண்டல் செய்து, அவள் மாமியார் கொடுத்த காபியைக் குடித்து முடிக்கும் வரை எல்லாம் நன்றாக இருந்தது.

பலகையை எடுத்து வைத்தாள். முதல் ஆட்டத்தை நான் சொல்லச் சொல்ல நகர்த்தினாள். "அடடா, நல்லா ஆடியிருக்கே வசு, கை விட்டுப்போகலை உனக்கு" என்றாள். ரெண்டாவது ஆட்டத்தில் பேச்சு குறைந்தது. குதிரை திரும்பிப் போகிற அந்த ஆட்டம் வந்தபோது, நான் பெருமையாக "இதைப் பாரு, இதைப் பாரு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பலகையைப் பார்க்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் ஆட ஆரம்பிச்சு எம்புட்டு நாளாச்சு?"

"மூணு நாலு வருஷம். இப்பதான் புக்கு படிச்சு..."

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. ஈஸியான நகர்த்தலுக்கும் கஷ்டமான நகர்த்தலுக்கும் அவர் எடுத்துக்கிட்ட நேரம் வேற வேறயா இருந்துச்சா?"

நான் பிரின்ட் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"நான் இருபது வருஷமா ஆடறேன், வசு. இந்தக் குதிரையை நான் திருப்பி வச்சிருக்க மாட்டேன். எனக்குத் தெரிஞ்ச யாரும் வச்சிருக்க மாட்டாங்க. நீ ஆடினது மனுஷ ஆட்டம். அதை எழுதிக் கொடுக்கறேன், கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அவர் ஆட்டத்துக்கு என்னால எழுத முடியாது."

பொறாமை உனக்கு என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன், அவள் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு. அவள் கோபப்படவில்லை. பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். அதுதான் இன்னும் எரிகிறது.

16 செப்டம்பர், திங்கள்

எதிர்க்காயை வெட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லாத இடத்திலும் அவர் அதே நேரம்தான் எடுத்துக்கொண்டார். எனக்கு ஞாபகம் இருக்கிறது. என்னைப் பற்றி யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

20 செப்டம்பர், வெள்ளி

நல்லவேளை, அத்தை கோவிலுக்குப் போயிருந்தாள். போன் வந்ததும் கேட்டுவிட்டேன்.

"அந்த ஆட்டமெல்லாம் நீங்க ஆடினதா?"

"வசு, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க..."

"நிக்கட்டும்."

"இல்லை" என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். தரையில்.

"புக்கு நிஜமாவே வாங்கினேன். நீ பல்லாங்குழின்னு சொன்னப்புறம், ரெண்டு வாரம் ரூம்ல வச்சுப் படிச்சேன். தலையில ஏறலை. ரூம்ல ஒருத்தன் ஒரு செஸ் புரோகிராம் சி.டி. வச்சிருந்தான். ஒரே ஒரு நாள், உன்னை ஆச்சரியப்படுத்தலாம்னுதான் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டு, அது சொன்னபடி ஆடினேன். அன்னிக்கு நீ எழுதினியே, பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்குன்னு. அதுக்கப்புறம் எப்படி நிறுத்தறது? மறுநாள் மறுபடி ராணியைத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கச் சொல்றியா?"

"அப்ப நான் யார்கூட ஆடினேன்?"

"பேசினதெல்லாம் நான்தான் வசு. அந்தப் பெட்டியில வந்த ஒவ்வொரு எழுத்தும் நான்தான்."

போனை வைத்துவிட்டேன். திரும்ப அடித்தது. எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த சைட்டுக்கு என்ன எழுதினேன்? என் கணவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

1 அக்டோபர், செவ்வாய்

போன வெள்ளிக்கிழமையும் போனைத் தொடவில்லை. அத்தை பேசிவிட்டு நீட்டியபோது, கை ஈரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோபம் வந்தால் நல்லது. வரமாட்டேன் என்கிறது. வேறு ஒன்று வருகிறது, அதை யாரிடமும் சொல்ல முடியாது. அந்த ஆளைத் தேடுகிறது மனசு. அந்தக் குதிரையைத் திருப்பி வைத்த ஆளை. என் ஒவ்வொரு பயத்தையும் முன்கூட்டியே பார்த்த ஆளை. அப்படி யாரும் இல்லை, அது ஒரு சி.டி. என்று தெரிந்த பிறகும் தேடுகிறது. இது என்ன மாதிரி ஏக்கம்? புருஷன் இல்லாத ஏக்கம் எனக்குப் பழக்கம். நாலு வருஷமாக அதோடுதான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இல்லவே இல்லாத ஒருத்தருக்காக ஏங்குவது புதிதாக இருக்கிறது.

சைட்டுக்கு உண்மையை எழுதவா? எழுதினால் என் பெயர் மீளும், அவர் பெயர் போகும். எழுதாவிட்டால் ரெண்டும் போகும். முடிவு செய்ய முடியவில்லை. ஸ்ரீலட்சுமிக்கு மட்டும் ஒரு கார்டு போட்டேன். மன்னித்துக்கொள் என்று.

14 அக்டோபர், திங்கள்

நான் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை.

மெயில் வந்திருந்தது. தெப்பக்குளம் என்ற பெயரில் ஆடியவர் தாமே எழுதி, புரோகிராம் உபயோகித்ததை ஒப்புக்கொண்டுவிட்டார். எதிரே ஆடியவருக்கு அது தெரியாது, அவர் நேர்மையான ஆட்டக்காரர் என்றும் எழுதியிருக்கிறார். ஆகவே வைகை கணக்கு திறக்கப்படுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.

உள்ளே போனேன். அவர் பெயரைத் தேடினேன். அந்த சைட்டில் ஏமாற்றியவர்களை நீக்குவதில்லை போல. பெயர் அப்படியே இருந்தது, பக்கத்தில் ஒரு வார்த்தை சேர்த்திருந்தார்கள். தெப்பக்குளம், கம்ப்யூட்டர். ஊரில் ஆட்களுக்குப் பட்டப்பெயர் வைப்பார்களே, அந்த மாதிரி. முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பில்லை. உலகத்தில் யார் தேடினாலும் இனி இப்படித்தான் தெரியும். அதைத் தன் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறார், எனக்காக, அதுவும் என்னிடம் சொல்லாமல்.

உக்கிரபாண்டி அண்ணன் டீ வாங்கிவரச் சொல்லி என் முன்னால் வைத்துவிட்டு, "என்ன தங்கச்சி, தொறந்துட்டாய்ங்களா?" என்றார். திறந்துவிட்டார்கள் என்றேன். "அப்பறம் ஏன் ஆடாம உக்காந்துருக்கீங்க?"

யாரோடு ஆடுவது என்று கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

25 அக்டோபர், வெள்ளி

இன்றைக்கு அத்தைக்கு முன்னால் நான் எடுத்தேன்.

நான் வாயைத் திறக்கும் முன், "கார்டுல நிறைய நேரம் போட்டு வந்திருக்கேன். ஆளும் யாருமில்லை. நீ ஒண்ணும் பேச வேண்டாம், கேட்டா போதும்" என்றார்.

கேட்டேன். மே மாதத்திலேயே அவரை ஆபீசிலிருந்து எடுத்து, கட்டடம் கட்டுகிற இடத்து வேலைக்குப் போட்டுவிட்டார்களாம். பகலெல்லாம் வெயிலில் நின்று கம்பி கட்டுகிறவர்களை மேய்ப்பது. எனக்குச் சொல்லவில்லை. ஆபீஸ் வாட்ச்மேனைக் கெஞ்சி, சாயங்காலம் ஒரு மணி நேரம் பழைய கம்ப்யூட்டரில் உட்கார அனுமதி வாங்கியிருக்கிறார். "கண்ணு எரியும் வசு. பலகையைப் பார்த்தா கட்டமெல்லாம் ஆடும். எனக்கு ஆட்டம் வேண்டியிருக்கலை. நீ ஏதாவது அடிப்பே, அதைப் படிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும், அவ்வளவுதான். தோத்துக்கிட்டே இருந்தா நீ எத்தனை நாளைக்கு வருவே?"

"வந்திருப்பேன்" என்றேன்.

"எனக்கு அது தெரியலையே."

அப்புறம் சொன்னார், ஜனவரியில் கான்ட்ராக்ட் முடிகிறது, மறுபடி ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேட்கிறார்கள் என்று. "போடவா?" என்றார். முன்னால் ரெண்டு தடவையும் இதை என்னிடம் கேட்டதில்லை. அத்தை பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். "அப்புறம் சொல்றேன்" என்றேன்.

4 நவம்பர், திங்கள்

தீபாவளி. அவருடைய வேஷ்டியையும் சாமிக்கு முன்னால் வைத்து எடுத்தோம். கட்ட ஆளில்லை.

9 நவம்பர், சனி

அத்தையிடம் கேட்டேவிட்டேன், அவரை வரச் சொல்லவா என்று. சண்டைக்குத் தயாராகத்தான் கேட்டேன். புளி கரைத்துக்கொண்டிருந்தவள் கையை எடுக்காமலேயே சொன்னாள்: "அவன் வந்தா எனக்குக் கசக்குமா? புருஷன் வெளிநாட்டுல இருக்கான்னு சொல்லிக்கிறதுல உனக்குப் பெருமைன்னு நினைச்சு நான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன்."

ஒரே வீட்டில் நாலு வருஷம் ரெண்டு பேரும் இப்படியே இருந்திருக்கிறோம்.

வீட்டுப் போனில் வெளிநாட்டுக்கு அடிக்க முடியாது. தெருமுனை பூத்துக்கு ஓடினேன். அவர் ரூமுக்குக் கீழே இருக்கும் கடை நம்பர் எழுதி வைத்திருந்தேன். கூப்பிட்டுவர நேரமாயிற்று. பூத்தில் இருந்த ராமக்காள் அக்கா மீட்டரைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"யாரு?" என்றார்.

"கையெழுத்துப் போடாதீங்க. வாங்க."

அவர் அழுதாரா என்று தெரியவில்லை. "வாரேன்" என்றார்.

19 ஜனவரி 2003, ஞாயிறு

வந்துவிட்டார்.

மெலிந்து, கருத்து, கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்து. ஸ்டேஷனில் ஒரு கணம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்கும் என்னைப் பார்க்கக் கூச்சம். ஆட்டோவில் ரெண்டு பேருக்கும் நடுவில் பெட்டியை வைத்துக்கொண்டு வந்தோம். வீட்டில் எந்த சுவிட்ச் எந்த லைட்டுக்கு என்று மறந்துபோய் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார். சாப்பிட்டதும் தூங்கிவிட்டார். மத்தியானம் முழுக்கத் தூங்கினார். நான் கதவருகே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினேன். பொறுக்க ஒன்றும் இல்லை, நல்ல அரிசிதான்.

செஸ் பலகை பரணில் இருக்கிறது. அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

12 மார்ச், புதன்

பைபாஸ் ரோட்டில் ஒரு இன்ஜினியரிடம் டிராயிங் வேலை கிடைத்துவிட்டது. சாயங்காலம் வந்ததும் கடைக்குப் போகிறார், அத்தைக்கு மாத்திரை வாங்குகிறார், என்னோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குகிறார். நல்ல மனுஷன். நான் ஏங்கியது இதற்குத்தான். பொய்யில்லை.

ஆனாலும் எழுதி வைக்கிறேன், இங்கே மட்டும்: சில சமயம் அவர் பக்கத்தில் இருக்கும்போதே, அந்த ஒன்றரை மாதம் என்னோடு ஆடிய ஆளின் ஞாபகம் வருகிறது. என் அடுத்த யோசனையைத் தெரிந்துவைத்திருந்த அந்த ஆள். இவர் உப்பு எடுத்துக் கொடுக்கிறார். நான் வாங்கிக்கொள்கிறேன். யாருக்கும் துரோகம் செய்யவில்லை. இருந்தாலும் ஒரு மாதிரி இருக்கிறது.

ஸ்ரீலட்சுமி வந்திருந்தாள். மே மாதம் அவள் காலேஜில் ஓபன் டோர்னமென்ட். "ஸ்கிரீனைப் பார்த்து ஆடினது போதும், எதிர்ல ஆள் உக்காந்து ஆடு" என்றாள். பார்க்கிறேன் என்றேன். "பேர் குடுத்துட்டு வா" என்றார் பாபு, நான் கேட்காமலேயே.

11 மே, ஞாயிறு

பசுமலையில் டோர்னமென்ட். ஹால் நிறையச் சின்னப் பிள்ளைகள். என் வயசில் இன்னொரு பொம்பளையைக் காணோம். பாபுவும் வந்தார். வராண்டாவில் பிள்ளைகளைக் கூட்டிவந்த அம்மாக்கள் தூக்குவாளிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் போய் இவரும் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் ரெண்டு ஆட்டம் ஜெயித்தேன். மூணாவதில் எதிரே வந்தவள் பாண்டிமீனா. எழுமலையிலிருந்து வந்த பிள்ளை, ஏழாவதோ எட்டாவதோ படிக்கிறாள். நாற்காலி உயரம் பத்தாமல் முழங்காலை மடித்து அதன் மேல் உட்கார்ந்து ஆடினாள். நடு ஆட்டம் வரை என் கைதான் மேலே. அப்புறம் அவள் ரொம்ப நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்தாள். என் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். யானையைத் தூக்கி என் சிப்பாய் வெட்டுகிற கட்டத்திலேயே வைத்தாள். எடுத்துக்கொள் என்று.

எடுத்தால் அஞ்சு நகர்த்தலில் முடிந்துவிடும், எடுக்காவிட்டால் ராணி போகும். அது எனக்குப் புரிந்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். ரெண்டு பேருக்கும் தெரியும், ரெண்டு பேருக்கும் தெரியும் என்பதும் தெரியும். அவள் சட்டென்று வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டாள். நானும் சிரித்துக் கை கொடுத்தேன்.

வெளியே வந்தேன். பாண்டிமீனாவின் அம்மா முனியாயியிடம் பாபு மஸ்கட் வெயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளிடம், "உங்க மக என்னைத் தோக்கடிச்சிட்டா" என்றேன். "ஐயையோ, கோவிச்சுக்காதீங்க" என்றாள் அவள், பதறிப்போய். மகளைத் தேடி உள்ளே ஓடினாள்.

"தோத்துட்டியா?" என்றார் பாபு. "அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்கு?"

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

வேப்ப மரத்துக்குக் கீழே பிள்ளைகள் விட்டுப்போன ஒரு பலகை கிடந்தது. அவரை உட்காரவைத்து, அந்த இடம் வரைக்கும் காய்களை அடுக்கி, பாண்டிமீனா யானையை எப்படி வைத்தாள், ஏன் வைத்தாள், எடுத்தால் என்ன ஆகும், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நெற்றியில் வேர்வை. தலையை ஆட்டப் போனார். ஆட்டவில்லை.

"எனக்குப் புரியலை வசு" என்றார்.

காய்களையெல்லாம் கலைத்துவிட்டு, முதலிலிருந்து அடுக்கினேன்.